காலை எடுத்தும் பிரேக் விடவில்லையா? மலையில் ஓடும் பழைய பிக்கப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் சக்கரத்தைப் பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பது பழைய பிக்கப் வண்டிகளில் அடிக்கடி வரும் கோளாறு. வண்டி இழுக்காது, டீசல் கூடுதலாகச் செலவாகும், ஒரு பக்கத்திலிருந்து கருகல் வாடை வரும். பல ஓட்டுநர்கள் "எப்படியும் பிரேக் பிடிக்கிறதே" என்று அப்படியே ஓட்டுகிறார்கள். நீலகிரியில் அது மிக ஆபத்தான எண்ணம். விடாத பிரேக் சூடேறுகிறது, சூடு பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது, கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. ஆவி அமுங்கும் தன்மை உடையது. அதனால் பெடல் தரைவரை போய்விடும், சக்கரத்துக்கு அழுத்தமே போகாது. விடாத பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காத பிரேக்காக மாறுகிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்கும் சாலையில், கேரட் மூட்டைகளோடு, இது நடக்கக் கூடாது.

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் இந்தக் கோளாறில் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வண்டி வந்ததும் சூடான சக்கரத்தின் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகை) திறந்துவிடுகிறார்கள். ஆயில் பீய்ச்சி அடிக்கிறது, சக்கரம் விடுபடுகிறது, ஏர் எடுத்து (ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றி) வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த நடையில் அதே சக்கரம் மறுபடியும் பிடிக்கிறது. நிப்பிளைத் திறந்த நொடியில் அழுத்தம் எங்கே சிக்கியிருந்தது என்ற தடயம் அழிந்துவிடுகிறது. எனவே பெடலில் தொடங்கி, சக்கரத்தை நோக்கி, ஒவ்வோர் இடமாகத் தளர்த்திப் பார்க்க வேண்டும். எந்த இடத்தைத் தளர்த்தும்போது சக்கரம் விடுபடுகிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முன்பு தளர்த்திய இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. இந்த வரிசையில் போனால் பிரேக் ஒரே ஒரு முறை பிடித்தால் போதும், காரணம் தெரிந்துவிடும்.

இங்கே சொல்பவை முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் வெற்றிட பூஸ்டர், ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் உள்ள பிக்கப்களுக்கு உரியவை. நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள மிகப் பழைய வண்டிகளுக்கும் வரிசை இதேதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சக்கரக் கட்டைகள் நான்கு. ஜாக்கியோடு, எடையைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டுகள் இரண்டு. பிரேக் குழாய் நட்டுகளை எல்லாப் பக்கமும் கவ்விப் பிடிக்கும் குழாய் ஸ்பேனர். நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், கண்ணாடிபோல் தெரியும் மெல்லிய டியூப், ஒரு பாட்டில், பழைய துணி, கண்ணாடிக் கவசம், கையுறை. உடைக்காத டப்பாவில் புதிய பிரேக் ஆயில். உங்கள் வண்டிக்கு டாட் 3 வகை ஆயில் வேண்டுமா டாட் 4 வேண்டுமா என்பது, வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

குழாய் ஸ்பேனர் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். இங்குள்ள மழையிலும் பனிமூட்டத்திலும் குழாய் நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். சாதாரண ஸ்பேனரால் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கும், அல்லது நட்டோடு சேர்ந்து குழாயே முறுகும். கோளாறு தேடப் போய்க் குழாய் மாற்றும் வேலை வந்து சேரும். முதல் நாளே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைப்பது நல்லது. ஆனால் அது டிஸ்க், டிரம், ரப்பர் ஹோஸ் மேல் படக் கூடாது.

பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

2. எந்தச் சக்கரம்? ஏற்றத்தின் முடிவில் பாருங்கள்

கீழே இறங்கி முடித்ததும் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான் எல்லோருடைய பழக்கம். அதனால் எதுவும் தெரியாது. மலை இறங்கிய வண்டியில் நான்கு சக்கரமும் சூடாகத்தான் இருக்கும், அதுவும் முன்சக்கரங்கள் கூடுதலாக. எது கோளாறு, எது வேலை செய்ததால் வந்த சூடு என்று பிரிக்க முடியாது.

மேட்டுப்பாளையம் மண்டியில் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக மேலே ஏறி வந்து, குன்னூரில் நிறுத்தியதும் பாருங்கள். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை மிகக் குறைவு. அங்கே ஒரு சக்கரம் சூடாக இருந்தால் அதுதான் விடாத சக்கரம். வத்தலக்குண்டிலிருந்து பெருமாள்மலைக்கு ஏறும் வண்டிக்கும் இதே சோதனைதான்.

கையை நேராக டிஸ்க் மேலோ டிரம் மேலோ வைக்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். புறங்கையைச் சற்றுத் தள்ளி வைத்தாலே வெக்கை தெரியும். இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். பிறகு சமதளத்தில் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, கையால் சுழற்றுங்கள். கியரை விடாமல் பின்சக்கரத்தைச் சுழற்ற முயன்று, "பிரேக் ஜாம்" என்று முடிவுகட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. முன் டிஸ்க்கில் பேடு லேசாக உரசும் ஓசை இயல்பானது, கவலைப்பட வேண்டாம்.

கிடைக்கும் விடையைப் பொறுத்துத் தேட வேண்டிய இடம் சுருங்கும்.

ஒரே ஒரு சக்கரம் என்றால் அந்தச் சக்கரத்தின் ஹோஸ் (ஆயில் போகும் ரப்பர் குழாய்), காலிப்பர் (பேடுகளால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்), வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் பாகம்), ஷூ (டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிப்பது).

பின்சக்கரம் இரண்டும் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிள், அல்லது சேசிஸிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் ஹோஸ். பெரும்பாலான பிக்கப்களில் இரு பின்சக்கரங்களுக்கும் பொதுவாக அங்கே ஒரே ஹோஸ்தான் இருக்கும்.

முன்சக்கரம் இரண்டும், அல்லது நான்கும் என்றால் பெடல், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்), அல்லது ஆயிலே கெட்டிருக்கிறது.

3. எப்போது பிடிக்கிறது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள்

இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் நகரவில்லை, ஒரு குலுக்கலோடு "டக்" என்று விடுபட்டது என்றால் அது அழுத்தக் கோளாறு அல்ல. ஈர டிரம்மும் ஷூவும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கழுவிய கேரட்டை ஏற்றும் வண்டிகளில் மூட்டையிலிருந்து நீர் வடிந்து பின் அச்சு, கேபிள் என எல்லாம் நனைந்தே கிடக்கும். அதோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால் காலையில் ஒட்டியிருக்கும். இரவில் சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள். சரிவில்தான் நிறுத்தியாக வேண்டும் என்றால் ஹேண்ட் பிரேக்கை விடாதீர்கள். காலையில் ஒட்டியிருந்தால் இருக்கட்டும்.

ஓட ஓடப் பிடிக்கிறது, நிறுத்தி ஆறவிட்டால் விட்டுவிடுகிறது என்றால் அது அழுத்தம் சிக்கும் கோளாறு. ஆயில் சூட்டில் விரிகிறது, திரும்பிப் போக வழியில்லாமல் பிரேக்கைத் தள்ளுகிறது, அதனால் இன்னும் சூடாகிறது. கீழே வரும் படிகளில் பெரும்பகுதி இதற்குத்தான்.

எப்போதும், குளிரிலும் சூட்டிலும், ஒரே அளவில் பிடிக்கிறது என்றால் சக்கரத்துக்குள் ஏதோ துருப்பிடித்து இறுகியிருக்கிறது. 11-ஆம் படி முக்கியமாகும்.

4. பிடித்த நிலையிலேயே வண்டியை நிறுத்துங்கள்

ஆறிய வண்டியில் சூட்டுக் கோளாறைத் தேடுவது வீண். கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக் பிடித்துக்கொண்டதை உறுதி செய்து, நேராகச் சமதளத்துக்குக் கொண்டுவாருங்கள். நிறுத்திய பிறகு பெடலை மிதிக்கவே கூடாது. கூட இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு மிதி உள்ளே இருக்கும் நிலையை மாற்றிவிடும்.

வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கோளாறான பிரேக்தான் என்பதை மறக்காதீர்கள். அது விடுபடும் நொடியில் வண்டி உருளும். ஜாக்கி போடும் முன்பே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுங்கள். பிடித்த சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவர் அந்தச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் தளர்த்த வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்தால் எந்தப் படியில் விடுபட்டது என்பது தெரியாமல் போகும்.

சூடான டிஸ்க் மேலோ டிரம் மேலோ தண்ணீர் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும், டிஸ்க் கோணும்.

5. பெடலும் ஹேண்ட் பிரேக்கும்: ஆயிலைத் தொடாத இரண்டு சோதனைகள்

பெடலை மிதிக்காமல், கீழிருந்து கால்விரலால் மேலே தூக்கிப் பாருங்கள். தூக்கியதும் சக்கரம் விடுபட்டால் கோளாறு பெடலில். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பெடல் சுழலும் புஷ் துருப்பிடித்திருக்கும், அல்லது மிதியடி மடங்கிப் பெடலுக்குக் கீழே போயிருக்கும். பிரேக் விளக்கின் சுவிட்சை மாற்றும்போது அதை அதிகமாக உள்ளே திருகி, பெடல் முழுதாக மேலே வர முடியாமல் செய்துவிடுவதும் உண்டு.

பெடலுக்குக் கொஞ்சம் வெற்றோட்டம் (பிரேக்கைத் தள்ளத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) இருந்தே ஆக வேண்டும். சில மில்லிமீட்டர்தான் இருக்கும், சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். "தொட்டதும் பிடிக்க வேண்டும்" என்று கேட்டு வெற்றோட்டத்தையே எடுத்துவிடச் சொல்லும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்க அந்த இடைவெளி தேவை.

பின்சக்கரம் பிடித்திருந்தால் அடுத்து, வண்டிக்கு அடியில் ஹேண்ட் பிரேக் கேபிளின் சரிசெய்யும் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கேபிள்தான். உறைக்குள் நீர் புகுந்து துருப்பிடித்து, இழுத்த கம்பி திரும்பி வருவதில்லை. கிரீஸ் விட்டுச் சமாளிப்பது சில வாரங்களுக்குத்தான் வரும், கேபிளை மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஷூவைச் சரிசெய்யாமல், ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை மட்டும் இழுத்துக் கட்டியிருந்தாலும் இதே நிலைதான் வரும்.

6. பூஸ்டர்

என்ஜினை அணைத்து, பூஸ்டரில் செருகியிருக்கும் வெற்றிடக் குழாயை, ஒருவழி வால்வு பூஸ்டரிலேயே இருந்தால் அதையும் சேர்த்து, மெதுவாகப் பிடுங்குங்கள். "உஸ்" என்ற ஓசையோடு காற்று உள்ளே போகும். அதே நேரத்தில் சக்கரம் விடுபட்டால், யாரும் மிதிக்காமலேயே பூஸ்டர் பிரேக்கைத் தள்ளிக்கொண்டிருந்தது என்று பொருள். உள்ளே இருக்கும் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என்ஜினை அணைத்து ஓரிரு நிமிடத்தில் தானாகவே நான்கு சக்கரமும் விடுவதும் பூஸ்டரின் அடையாளம். ஆயில் ஆறி விடுவதற்கு அதைவிட மிக அதிக நேரம் பிடிக்கும்.

பிடுங்கிய குழாயின் முனையிலும் பூஸ்டருக்குள்ளும் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போய்விட்டது. அப்போது இரண்டையும் மாற்ற வேண்டிவரும், ஏனென்றால் அந்த ஆயில் பூஸ்டரின் உள்ரப்பரைக் கெடுத்திருக்கும்.

மலையில் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். வெற்றிட பூஸ்டர் காற்றழுத்தத்தை நம்பித்தான் உதவுகிறது. அதனால் மேலே பெடல் சற்றுக் கடினமாக இருப்பது இயல்பு. கீழே வந்ததும் மென்மையானால் பூஸ்டரைக் குறைசொல்லி மாற்றாதீர்கள்.

7. மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகள்

பூஸ்டரோடு மாஸ்டர் சிலிண்டரை இணைக்கும் இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டரை முன்புறமாக மூன்று நான்கு மில்லிமீட்டர் நகர்த்துங்கள். ஆயில் குழாய்களைத் திறக்க வேண்டாம். அவை வளைந்துகொடுக்கும் அளவுக்கு மட்டும் நகர்த்தினால் போதும். இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான்.

சிலிண்டருக்குள் மேலே ஒரு மிகச் சிறிய துளை இருக்கிறது. பெடல் ஓய்வில் இருக்கும்போது அது திறந்திருந்து, சூட்டில் விரியும் ஆயிலை மேலே இருக்கும் டப்பாவுக்குத் திருப்பி அனுப்புகிறது. பூஸ்டரிலிருந்து வரும் தள்ளுகம்பி நீளமாக இருந்தால், பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல் அந்தத் துளையை மூடியே வைத்திருக்கும். விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இருக்காது. ஒவ்வொரு முறை சூடேறும்போதும் அழுத்தம் கூடும்.

சிலிண்டரை முன்னே நகர்த்தியதும் சக்கரங்கள் விடுபட்டால் தள்ளுகம்பியின் நீளம்தான் காரணம், அல்லது பூஸ்டர் முழுதாகத் திரும்பவில்லை. அண்மையில் மாஸ்டர் சிலிண்டரோ பூஸ்டரோ மாற்றிய வண்டி என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். புதிய பாகத்தின் கம்பி நீளம் பழையதைப் போலவே இருக்கும் என்று நம்பி அப்படியே மாட்டிவிடுகிறார்கள். கம்பியின் முனையில் சரிசெய்யும் திருகு இருக்கும். கையேட்டில் சொன்ன இடைவெளி வரும்வரை அதைத் திருகுங்கள். கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் சிறு களிமண் உருண்டை வைத்து மாட்டிக் கழற்றினால், அது நசுங்கிய தடிப்பே இடைவெளியைக் காட்டும். அளந்த பிறகு களிமண்ணை ஒரு துகள்கூட விடாமல் துடைத்துவிடுங்கள். திருகு இல்லாத கம்பியை அரத்தால் தேய்க்காதீர்கள். சரியான பாகத்தை வாங்குங்கள்.

சிலிண்டருக்கும் பூஸ்டருக்கும் நடுவில் வாஷர் வைத்து வேலையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதனால் வெற்றிடம் கசியும், பூஸ்டர் உதவாது. ஏற்றுக்கொள்ளவே கூடாத வேலை அது.

8. மாஸ்டரிலிருந்து கிளம்பும் குழாய்

இதுவரை விடவில்லை என்றால் இப்போதுதான் ஆயில் வழியைத் திறக்கிறோம். கண்ணாடிக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பிடித்த சக்கரத்துக்குப் போகும் குழாயின் நட்டை, மாஸ்டர் சிலிண்டரிலேயே, துணி சுற்றி, அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள்.

ஆயில் பீய்ச்சி சக்கரம் விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டருக்குள். அந்தச் சிறு துளை கசடால் அடைபட்டிருக்கும், ரப்பர் கப் ஊதியிருக்கும், அல்லது ஈரம் தேங்கிப் பிஸ்டன் துருவில் சிக்கியிருக்கும். கிட் போட்டு (உள்ரப்பர்களை மட்டும் மாற்றி) சரிசெய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. உள்சுவரில் சிறு துருக்குழி இருந்தாலும் புதிய ரப்பரை அது சீக்கிரம் கிழித்துவிடும். மலை இறங்கும் வண்டிக்கு முழுச் சிலிண்டரையும் மாற்றுவதுதான் சரி.

விடவில்லை என்றால் நட்டை இறுக்கிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

9. ஹோஸ்: வெளியே நன்றாக இருக்கும், உள்ளே அடைபட்டிருக்கும்

இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸோடு சேரும் இடத்தைத் தளர்த்துங்கள். அதாவது ஹோஸின் மேல்முனை. விடுபட்டால் அந்த இடத்துக்கும் மாஸ்டருக்கும் நடுவில் குழாய் நசுங்கியிருக்கிறது. பின்சக்கரம் என்றால் லோடுக்கு ஏற்ப அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வையும் பாருங்கள். அதன் நெம்புகோல் சேற்றிலும் துருவிலும் இறுகி நிற்பது இங்கே சாதாரணம்.

இங்கும் விடாமல், அடுத்த படியில் நிப்பிளைத் திறந்ததும் விட்டால் ஹோஸ்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம். பழைய ஹோஸின் உள்சுவர் ஊதி, அல்லது உரிந்து தொங்கி, ஒருவழிக் கதவைப்போல் வேலை செய்கிறது. கால் அழுத்தும் பலமான அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும் மெல்லிய அழுத்தத்தால் வர முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வெடிப்புகூட இருக்காது. "ஹோஸ் நன்றாகத்தானே இருக்கிறது" என்று அதை விட்டுவிட்டுக் காலிப்பரை மாற்றிப் பணத்தை இழப்பவர்கள் ஏராளம்.

ஹோஸைப் பிடித்திருக்கும் இரும்புப் பிடியையும் பாருங்கள். பிடிக்கும் ரப்பருக்கும் நடுவில் துரு திரண்டு வளர்ந்து, ஹோஸை நெரித்துவிடும். துருவைச் சுரண்டி எடுத்தால் பிதுங்கிய தடம் தெரியும்.

ஹோஸை இடம் வலம் இரண்டும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே வயதுடையவை அவை. செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். மாட்டிய பின் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் எங்கும் உரசவில்லை, முறுகவில்லை என்று பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங் கோடிவரை திரும்பும் வண்டி இது.

10. நிப்பிள், கடைசியாக

டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்றுத் திறங்கள். விடுபட்டால் ஹோஸ். ஆயில் சாதாரணமாக வழிந்து, சக்கரம் அப்படியே பிடித்திருந்தால் அழுத்தம் சிக்கவே இல்லை. சக்கரத்துக்குள் இருக்கும் பாகங்கள்தான் இறுகியிருக்கின்றன.

நிப்பிள் இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள், உடைந்துபோகும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மெதுவாகத் தட்டி, சற்று இறுக்கித் தளர்த்தி எடுக்க வேண்டும்.

11. சக்கரத்துக்குள்

முன் டிஸ்க்: காலிப்பர் நழுவும் பின்களை முதலில் பாருங்கள். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். துரு படிந்து நின்றுவிட்டால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேய்ந்திருக்கும். சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய சிலிகான் கிரீஸ் போடுங்கள். சக்கரப் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதச் செய்து பின்னை மறுபடியும் இறுக்கிவிடும்.

பிறகு பிஸ்டன். காலிப்பரில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் சதுர ரப்பர் சீல்தான், அழுத்தும்போது முறுகி, விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பி, பிஸ்டனைச் சிறிதளவு பின்னுக்கு இழுக்கிறது. வெளித்தூசி உறை கிழிந்து நீர் புகுந்தால் பிஸ்டனில் துரு ஏறும், சீலின் பள்ளத்தில் கசடு படியும், அந்தச் சிறு இழுவை போதாமல் போகும். பிஸ்டனில் குழி இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மாற்றுங்கள்.

பின் டிரம்: கழற்றும் முன் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்குகள் எந்தத் துளையில் மாட்டியிருந்தன என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டே மறுபக்கத்தைத் திறங்கள்.

பார்க்க வேண்டியவை பல. வீல் சிலிண்டரின் பிஸ்டன் இரண்டும் நகர்கிறதா? ரிட்டர்ன் ஸ்பிரிங் சூட்டில் நீலம்பாரித்து நீண்டிருக்கிறதா? ஷூ உட்கார்ந்து நழுவும் பின்தட்டின் மேடுகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா? இந்தப் பள்ளம் மிக எளிதாகக் கண்ணில் படாமல் போகும். ஷூவின் விளிம்பு அதில் சிக்கி நிற்கும், ஸ்பிரிங் புதிதாக இருந்தாலும் இழுக்க முடியாது. ஷூவோடு சேர்ந்த ஹேண்ட் பிரேக் நெம்புகோல் அதன் ஆணியில் தடையின்றிச் சுழல வேண்டும். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டரை இடம் வலம் மாற்றி மாட்டினால் அது வேலை செய்யாது, ஷூ சரியாக நிற்காது.

தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் இருக்கக்கூடும், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

12. ஆயில் தவறாக இருந்தால் எல்லாமே தவறு

நான்கு சக்கரமும் பிடித்து, மாஸ்டர் சிலிண்டருக்குள் கோளாறு என்று தெரிந்தால், புதுச் சிலிண்டர் வாங்கும் முன் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து உள்ரப்பரைப் பாருங்கள். அது ஊதி, அலையலையாகி, திரும்பப் பொருந்தாமல் இருந்தால், யாரோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ என்ஜின் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். சந்தேகம் தீர ஒரு சோதனை: டப்பாவிலிருந்து சில சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். மினரல் ஆயில் மேலே மிதக்கும்.

மிதந்தால் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை. அந்த ஆயில் போன இடமெல்லாம் ரப்பர் ஊதியிருக்கும். எல்லா ஹோஸ்களும், எல்லா சீல்களும், வீல் சிலிண்டர் கப்களும் மாற வேண்டும், குழாய்களைக் கழுவி எடுக்க வேண்டும். செலவு பெரிதுதான். உரிமையாளரிடம் அதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பாதி வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சரியான ஆயிலும் பழசானால் கெடும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்த எல்லை 140 ஆக இறங்குகிறது. டாட் 4-க்கு அது 230-லிருந்து 155. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். ஆண்டில் பல மாதம் மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை, பருவமழை முடிந்ததும் மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. திறந்து வைத்த பழைய டப்பாவின் மிச்சத்தை ஊற்றாதீர்கள்.

13. மூடி, ஏர் எடுத்து, ஓட்டிப் பார்ப்பது

முதலில் டிரம்மில் ஷூவைச் சரிசெய்து, பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்க வேண்டும். வரிசை மாறினால் கேபிள் ஷூவை எப்போதும் லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மாஸ்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள். கையேடு வேறு சொல்லாவிட்டால் நம் ஊர் வண்டிகளில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. டப்பாவில் ஆயில் வற்ற விடாதீர்கள். முடித்ததும் மூடியைத் திறந்து வைத்து, ஒருவர் பெடலை மெல்லத் தொட்டு அழுத்த, டப்பாவுக்குள் பாருங்கள். ஆயில் சிறிதாகக் கொப்பளித்தால் அந்தத் திரும்பு துளை திறந்திருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்தே பாருங்கள்.

தளர்த்திய ஒவ்வொரு நட்டிலும் கசிவைப் பாருங்கள். என்ஜினை ஓடவிட்டு, பெடலை அழுத்தமாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்திருங்கள், அது மெல்ல இறங்கக் கூடாது.

ஓட்டிப் பார்ப்பதில் அவசரம் கூடாது. முதலில் சமதளத்தில், காலி வண்டியாக, மெதுவாக. பிறகு உதகையிலிருந்து லவ்டேல் போய்த் திரும்பும் அளவு ஓட்டி, நிறுத்தி, இரு பக்க வெக்கையையும் ஒப்பிடுங்கள். சூட்டில் மட்டும் வரும் கோளாறு குறுகிய ஓட்டத்தில் வெளிப்படாது என்பதால், பத்துப் பதினைந்து முறை பிரேக் போட்டு நன்றாகச் சூடேற்றிய பிறகும் ஒரு முறை சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். அதன்பிறகே லோடு. 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி இறக்கம் ஓட்டிப் பார்ப்பதற்கான சாலை அல்ல.

14. நடுவழியில் பிடித்துக்கொண்டால்

குன்னூருக்கும் பர்லியாருக்கும் நடுவில் கருகல் வாடை வந்தால் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று போகாதீர்கள். பள்ளத்தாக்குப் பக்கத்தை விட்டு, மலைச்சுவர்ப் பக்கமாக, வளைவு அல்லாத இடத்தில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து ரிவர்ஸ் கியரில் விடுங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் எல்லாச் சக்கரங்களுக்கும் இறக்கப் பக்கத்தில் கட்டையோ பெரிய கல்லோ வையுங்கள். பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி முக்கோணப் பலகையை வைத்து, விளக்கைச் சிமிட்ட விடுங்கள். சக்கரத்திலிருந்து புகை வந்தால் வண்டியில் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறட்டும். பிறகு பெடலை மிதித்துப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால், தரைவரை போனால், வண்டியை அங்கிருந்து ஓட்டக் கூடாது. மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள், அல்லது சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுங்கள்.

பெடல் உறுதியாக இருந்து, சக்கரமும் விட்டிருந்தால், எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில், பெடலைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இருக்காமல், தேவைப்படும் இடத்தில் மட்டும் அழுத்தி விட்டு, பக்கத்தில் உள்ள ஊர்வரை போகலாம். வழியில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி வெக்கையைப் பாருங்கள்.

ஆறிய பிறகும் விடவில்லை என்றால் நிப்பிளைத் திறந்துவிட்டு அப்படியே இறங்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. திறந்த நிப்பிளோடு ஒவ்வொரு மிதிக்கும் ஆயில் வெளியேறும், காற்று உள்ளே போகும், அந்தப் பகுதியில் பிரேக்கே இருக்காது. போக்குவரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டியைச் சில அடி ஓரம்கட்ட மட்டும், கட்டைகளோடு ஆள் நின்று, நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை விட்டு உடனே மூடலாம். அப்படிச் செய்தால் எந்தச் சக்கரத்தில் திறந்தீர்கள், திறந்ததும் சக்கரம் விட்டதா இல்லையா என்பதை எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். மேலே சொன்ன 10-ஆம் படியின் விடை அதுதான்.